ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால்: எந்தப் பிரிவில் அழைக்கிறார்கள் என்பதே முதல் கேள்வி

வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் அனுப்பி ஒருவரைப் போலீஸ் விசாரணைக்கு அழைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. அதை மாற்றக் கோரிய ஹரியானா அரசின் மனுவையும் அதே ஆண்டு ஜூலையில் தள்ளுபடி செய்தது. அப்போதிலிருந்து ஒரு குழப்பம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் போக வேண்டியதே இல்லையா? போகாவிட்டால் வீட்டுக்கே வந்து பிடித்துக்கொண்டு போவார்களா? போனால், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டுமா?

எல்லா அழைப்புக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. நம்மை எந்த நிலையில் வைத்து அழைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து உரிமையும் மாறும், கடமையும் மாறும். புகார் மனுவில் எதிர்தரப்பாக அழைக்கப்படுபவர் வேறு, சாட்சி வேறு, குற்றம் சாட்டப்பட்டவர் வேறு. "சும்மா வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுங்க" என்ற போன் அழைப்பு இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. பெரும்பாலான சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்., நடைமுறையில் இருக்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டதால் பழைய எண் தெரிந்தவர்களுக்கும் தடுமாற்றம். அதனால் புதிய எண்ணோடு பழைய எண்ணையும் சேர்த்தே இங்கே சொல்லப்படுகிறது.

அழைப்பின் வகைகள்

1. மனு விசாரணை. யாரோ நம் மீது புகார் கொடுத்திருக்கிறார்கள், எஃப்.ஐ.ஆர். இன்னும் போடவில்லை. தமிழ்நாட்டில் இந்த நிலையில் புகார்தாரருக்கு சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது கொடுப்பார்கள். கொடுக்கல் வாங்கல், வாடகை, எல்லைத் தகராறு, கணவன் மனைவி பிரச்சினை என ஸ்டேஷன் படி ஏறுகிறவர்களில் மிகப் பலர் இந்த வகைதான்.

2. சாட்சியாக அழைப்பு. எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டது. சம்பவம் பற்றி நமக்கு ஏதோ தெரியும் என்று விசாரணை அதிகாரி கருதுகிறார். இது பி.என்.எஸ்.எஸ். 179-வது பிரிவு, பழைய 160.

3. குற்றம் சாட்டப்பட்டவராக அல்லது சந்தேக நபராக அழைப்பு. பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றத்தில் நம் மீது நியாயமான சந்தேகம் இருக்கிறது. ஆனால் இப்போதைக்குக் கைது தேவையில்லை என்று அதிகாரி நினைக்கிறார். இது 35(3)-வது பிரிவு நோட்டீஸ். பத்து ஆண்டுக்கும் மேலாக '41ஏ நோட்டீஸ்' என்று வழங்கிய அதே காகிதம்தான்.

4. ஆவணமோ பொருளோ கேட்டு அழைப்பு. சிசிடிவி பதிவு, கணக்குப் புத்தகம், போன் போன்றவற்றைக் கொண்டுவரச் சொல்வது. இது 94-வது பிரிவு, பழைய 91. கேட்ட பொருளை ஆள் மூலம் கொடுத்தனுப்பினாலும் சட்டப்படி போதும். நேரில் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

நான்கில் எது என்று தெரியாமல் ஸ்டேஷனுக்குள் போகிறவருக்கு, எதற்குப் பதில் சொல்லலாம், எதற்கு மறுக்கலாம் என்று தெரிய வழியே இல்லை.

போன் வந்தால் என்ன செய்வது

179-வது பிரிவு 'எழுத்து மூலமான உத்தரவால்' என்றே சொல்கிறது. 35(3) நோட்டீஸும் காகிதத்தில் வர வேண்டியதுதான். உச்ச நீதிமன்றத்தின் 2025 உத்தரவு இந்த இரண்டையுமே சட்டம் சொன்ன முறையில்தான் உரியவரிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்கிறது. காரணம் எளிது. 35(3) நோட்டீஸை மீறினால் கைது செய்யலாம். ஒருவருடைய சுதந்திரத்தைத் தொடும் காகிதம் வாட்ஸ்அப்பில் பார்க்காமல் விட்ட செய்தியாகக் கிடக்கக் கூடாது. நீதிமன்றம் அனுப்பும் சம்மனை மின்னணு முறையில் அனுப்பப் புதிய சட்டம் இடம் தருகிறது, 94-வது பிரிவு அழைப்பையும் அப்படி அனுப்பலாம். ஆனால் 35-வது பிரிவு நோட்டீஸுக்கு அந்த வசதியைச் சட்டம் தரவில்லை என்பதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

அப்படியென்றால் போனை எடுக்காமலே இருந்துவிடலாமா? சட்டப்படி போன் அழைப்புக்குக் கட்டாயம் இல்லை. நடைமுறையில் அது புத்திசாலித்தனமும் இல்லை. 'ஆள் தலைமறைவு', 'ஒத்துழைக்கவில்லை' என்று கேஸ் டைரியில் ஏறினால், பிறகு முன்ஜாமீன் மனு போடும்போது அந்த வரி எதிரே வந்து நிற்கும். அழைப்பைத் தவிர்ப்பதும் பதறி ஓடுவதும் இரண்டுமே வேண்டாம். செய்ய வேண்டியவை:

1. பேசுபவரின் பெயர், பதவி, ஸ்டேஷன் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வந்த எண்ணுக்கே திரும்பக் கூப்பிட்டுச் சரிபார்க்க வேண்டாம். காவல்துறை இணையதளத்தில் இருக்கும் ஸ்டேஷன் எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

2. புகார்தாரர் யார், சி.எஸ்.ஆரா எஃப்.ஐ.ஆரா, எண் என்ன, நான் சாட்சியா எதிர்தரப்பா என்று கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். எண் தெரிந்தால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் நகலைப் பார்க்க முடியும். பாலியல் குற்றம் போன்ற சில வகை வழக்குகள் மட்டும் அங்கே இருக்காது.

3. எழுத்தில் அழைப்புக் கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டதோடு நிறுத்தாமல் பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ இப்படி ஒரு கடிதம் அனுப்பினால் போதும்: "இன்று காலை தங்கள் நிலையத்திலிருந்து தொலைபேசியில் என்னை விசாரணைக்கு அழைத்தீர்கள். ஒத்துழைக்கத் தயாராக இருக்கிறேன். எந்த மனு அல்லது வழக்கு தொடர்பாக, எந்தச் சட்டப் பிரிவின் கீழ், என்று, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

இந்தக் கடிதம் 'ஒத்துழைக்கவில்லை' என்ற குற்றச்சாட்டுக்கு அன்றைக்கே பதிலாகிவிடுகிறது. அழைப்பு முறையானதா என்பதும் அதற்கு வரும் பதிலில் தெரிந்துவிடும்.

எழுத்து மூலம் 179-வது பிரிவு உத்தரவு வந்த பிறகும் போகாமல் இருப்பது வேறு விஷயம். பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 208-வது பிரிவின்படி அது குற்றம். ஒரு மாதம் வரை வெறுங்காவல், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உடல்நலமின்மை, பயணம் போன்ற காரணம் இருந்தால் குறித்த தேதிக்கு முன்பே எழுதிக் கொடுத்து வேறு தேதி கேட்கலாம்.

யாரை ஸ்டேஷனுக்கு அழைக்கக் கூடாது

179-வது பிரிவிலேயே ஒரு பாதுகாப்பு எழுதப்பட்டிருக்கிறது. 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆண், 60 வயதுக்கு மேற்பட்ட ஆண், எந்த வயதுப் பெண்ணாக இருந்தாலும், மாற்றுத்திறனாளி, கடும் நோயுற்றவர் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும். பழைய சட்டத்தில் முதியவருக்கான வரம்பு 65. புதிய சட்டம் அதை 60 ஆக்கியது. அவர்களே விரும்பி ஸ்டேஷனுக்கு வந்தால் தடையில்லை. அந்த விருப்பம் உண்மையான விருப்பமா, "வராட்டா நாங்க வர வேண்டியிருக்கும்" என்றதால் வந்த விருப்பமா என்பது எப்போதும் கேட்க வேண்டிய கேள்வி.

இந்த விதியை மீறும் அதிகாரிக்குத் தண்டனை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. விசாரணைக்காக ஒருவரை எங்கும் வரச் சொல்லக் கூடாது என்று சட்டம் தடுத்திருக்கும்போது, தெரிந்தே அதை மீறும் அரசு ஊழியருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் என்கிறது நியாய சன்ஹிதாவின் 199-வது பிரிவு. இது 2013-இல் பழைய தண்டனைச் சட்டத்தில் 166ஏ என்று சேர்க்கப்பட்ட ஏற்பாட்டின் தொடர்ச்சி. இந்தப் பிரிவில் வழக்குப் போடுவது நடைமுறையில் கடினம்தான். ஆனால் கடிதத்தில் அந்த எண்ணைக் குறிப்பிட்டாலே போதும், வயதான பெற்றோரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைப்பதற்கு முன் எவரும் ஒருமுறை யோசிப்பார்.

இன்னொரு வரம்பு எல்லை. சாட்சியாக ஒருவரை அழைக்க வேண்டுமானால் அவர் அந்த ஸ்டேஷன் எல்லைக்குள்ளோ, அடுத்தடுத்த ஸ்டேஷன் எல்லைக்குள்ளோ இருக்க வேண்டும். தாம்பரத்தில் இருப்பவரைத் திருநெல்வேலி ஸ்டேஷனுக்கு 179-இல் வரச் சொல்ல முடியாது. அங்கிருந்து அதிகாரிதான் வர வேண்டும். 35(3) நோட்டீஸில் இந்த எல்லைக் கட்டுப்பாடு இல்லை. வயது, பெண் என்ற விலக்கும் அந்தப் பிரிவின் வரிகளில் இல்லை. ஆகவே வெளியூர் ஸ்டேஷனிலிருந்து காகிதம் வந்தால், மேலே எந்த எண் எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் மற்ற முடிவெல்லாம்.

35(3) நோட்டீஸ்: பயமும் பாதுகாப்பும்

இந்த நோட்டீஸ் கையில் கிடைத்தால் குற்றம் சாட்டப்பட்டவராகவோ அதற்கு மிக அருகிலோ இருக்கிறோம் என்று பொருள். அதற்காக அது கெட்ட காகிதம் என்று நினைக்க வேண்டியதில்லை. கைதுக்குப் பதிலாகத் தரப்படுவதுதான் இது. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் இயந்திரத்தனமாகக் கைது செய்யக் கூடாது, கைது ஏன் தேவை என்று காரணம் எழுத வேண்டும், தேவையில்லையென்றால் இந்த நோட்டீஸ் தர வேண்டும் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மீறும் அதிகாரி துறை நடவடிக்கைக்கும் நீதிமன்ற அவமதிப்புக்கும் ஆளாவார் என்றும் எச்சரித்தது.

பிரிவின் ஓட்டம் இப்படி: நோட்டீஸ் வந்தால் ஆஜராவது கடமை. ஆஜராகிக்கொண்டே இருக்கும்வரை அந்தக் குற்றத்துக்காகக் கைது செய்யக் கூடாது. செய்வதானால் அதிகாரி காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஆஜராகாவிட்டாலோ, தான் யார் என்று அடையாளம் சொல்ல மறுத்தாலோ கைது செய்யலாம். இதோடு புதிதாக ஒரு விதியும் சேர்ந்திருக்கிறது. மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றத்தில், உடல் தளர்ந்தவரையோ 60 வயதைக் கடந்தவரையோ கைது செய்ய டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும்.

ஆகவே 35(3) நோட்டீஸுக்குப் போகாமல் இருப்பதுதான் மிகப் பெரிய தவறு. போவதற்கு முன் வக்கீலைப் பார்த்துவிடுங்கள். குற்றம் ஜாமீனில் விட முடியாத வகையாக இருந்து, கைது செய்வார்கள் என்று நம்பக் காரணம் இருந்தால், செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ பி.என்.எஸ்.எஸ். 482-வது பிரிவில், பழைய 438, முன்ஜாமீன் கேட்கலாம். எஃப்.ஐ.ஆர். பதிவாகும் வரை காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒவ்வொரு முறை ஆஜராகும்போதும் வந்த நேரம், போன நேரம் குறித்து அத்தாட்சி கேளுங்கள். தரவில்லையென்றால் அன்று மாலையே "இன்று ஆஜரானேன்" என்று ஸ்டேஷனுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

எதற்குப் பதில், எங்கே மௌனம்

இங்கேதான் தவறான நம்பிக்கைகள் அதிகம். 'எதற்கும் வாய் திறக்க வேண்டாம்' என்பது ஒரு பக்கம், 'போலீஸ் கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும்' என்பது மறுபக்கம். சட்டம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 180-வது பிரிவு, பழைய 161, கேட்ட கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்லக் கடமை உண்டு என்கிறது. எந்தப் பதில் நம்மைக் குற்றச்சாட்டுக்கோ தண்டனைக்கோ உள்ளாக்குமோ அதைத் தவிர. அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவும், குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கே எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது.

இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதைத் தெளிவாக்கியது நந்தினி சத்பதி வழக்கு. ஒடிசாவின் முன்னாள் முதல்வரான அவரை 1977-இல் கட்டாக்கில் உள்ள விஜிலென்ஸ் போலீஸ் நிலையத்துக்கு அழைத்து, நீண்ட கேள்விப் பட்டியலை எழுத்தில் கொடுத்தார்கள். பதில் சொல்ல மறுத்தார். மறுத்ததற்காகவே வழக்குப் போட்டார்கள். 1978-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னவை இன்றும் அடித்தளமாக இருக்கின்றன. மௌன உரிமை நீதிமன்றக் கூண்டில்தான் தொடங்கும் என்பதில்லை, போலீஸ் கேள்வி கேட்கும்போதே உண்டு. நடக்கும் வழக்குக்கு மட்டுமல்ல, நாளை வரக்கூடிய வேறு வழக்குக்கும் அது பொருந்தும். அடித்தால்தான் கட்டாயம் என்பதல்ல. மன அழுத்தம், மிரட்டும் சூழல், களைக்க வைக்கும் நீண்ட விசாரணை இவையும் கட்டாயமே. பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னதையும் நீதிமன்றம் கண்டித்தது. அதே சமயம், தன்னைக் குற்றத்தில் மாட்டாத கேள்விகளுக்குப் பதில் சொல்வதாக அவர் உறுதி தர வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் வழக்கை ரத்து செய்தது. கடைசியில் இருக்கும் இந்த நிபந்தனையை மௌன உரிமை பேசுகிறவர்கள் வசதியாக விட்டுவிடுவார்கள்.

இதிலிருந்து நடைமுறைக்கு வருபவை:

1. பெயர், முகவரி, தொழில் போன்றவற்றை மறைக்க வேண்டாம்.

2. நேரில் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். கேள்விப்பட்டது, ஊகித்தது, 'இருக்கலாம்' என்பவை வாக்குமூலத்தில் ஏறும்போது நாம் உறுதியாகச் சொன்னதாக மாறிவிடும். நினைவில்லாவிட்டால் நினைவில்லை என்பதே சரியான பதில்.

3. குற்றத்தில் மாட்டக்கூடிய கேள்வி என்று பட்டால், "இதற்குப் பதில் சொல்லாமலிருக்க எனக்கு உரிமை இருக்கிறது, வக்கீலிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று அமைதியாகச் சொல்லலாம்.

4. பொய் மட்டும் வேண்டாம். மௌனத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, பொய்க்கு இல்லை. செல்போன் டவர் பதிவும் சிசிடிவியும் இருக்கிற காலத்தில் ஒரு சின்னப் பொய் உண்மையான பதில்களின் நம்பகத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

கையெழுத்து

"ஒரு கையெழுத்துப் போடுங்க" என்பதற்கு மீண்டும் வருவோம். புலன்விசாரணையில் போலீஸிடம் சொன்ன வாக்குமூலம் எழுதப்பட்டால், சொன்னவரிடம் அதில் கையெழுத்து வாங்கக் கூடாது. 181-வது பிரிவு, பழைய 162, இதை நேரடியாகவே தடுக்கிறது. விசாரணையின்போது நீதிமன்றத்தில் சாட்சி மாற்றிச் சொன்னால் முரண்பாட்டைக் காட்டவே அந்த வாக்குமூலம் பயன்படும். அதுவே தனிச் சாட்சியமாகாது.

போலீஸிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்துக்கும் இதே கதி. சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 23-வது பிரிவின்படி அதைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 'போலீசாரிடம் பரபரப்பு வாக்குமூலம்' என்று தலைப்பு வைக்கிற செய்திகளுக்கு நீதிமன்றத்தில் அநேகமாக மதிப்பே கிடையாது என்பதை அந்தச் செய்திகள் சொல்வதில்லை. ஒரு விலக்கு மட்டும் உண்டு: காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், கண்டெடுப்புக்குக் காரணமான அந்தப் பகுதி மட்டும் சாட்சியமாக ஏற்கப்படும். குற்றத்தை ஒப்புக்கொள்வது முறையாகப் பதிவாவது மாஜிஸ்திரேட் முன்னால்தான்.

அப்படியானால் கையெழுத்துப் போட வேண்டியவை எவை? நோட்டீஸைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை. நம்மிடமிருந்து பொருள் எடுத்தால் அதைப் பதியும் ஆவணமான கைப்பற்று மகஜர். மனு விசாரணையில் நாமே எழுதிக் கொடுக்கும் விளக்கம். இவற்றிலும் படித்துப் பார்த்து, தேதியும் நேரமும் போட்டு, வரிகளுக்குக் கீழே இடைவெளி விடாமல் கையெழுத்திட்டு, நகல் வாங்க வேண்டும். வெள்ளைப் பேப்பரில் கையெழுத்து என்பதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. கட்டாயப்படுத்தி வாங்கிவிட்டால், வெளியே வந்ததும் அன்றே எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ பதிவுத் தபாலில் எழுதிவிடுங்கள். ஒரு மாதம் கழித்துச் சொல்வதற்கும் அன்றே சொல்வதற்கும் நீதிமன்றத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

போனைக் கேட்டால்

வழக்கில் போன் தேவைப்பட்டால் போலீஸ் எடுக்கலாம். ஆனால் எடுத்ததற்கு மகஜர் வேண்டும். அதில் போனின் மாடலும் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் இருக்க வேண்டும். சோதனை, கைப்பற்றல் இரண்டையும் ஆடியோ வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 105 புதிதாகச் சொல்கிறது. "சும்மா குடுங்க, பாத்துட்டுத் தரேன்" என்பது கைப்பற்றலும் ஆகாது, சோதனையும் ஆகாது.

பாஸ்வேர்டு சொல்ல வேண்டுமா என்பது சிக்கலான கேள்வி. கைரேகை, கையெழுத்து மாதிரி போன்றவை உடல் சார்ந்த அடையாளங்கள், அவற்றைத் தருவது தனக்கெதிரான சாட்சியமாகாது என்று 1961-இல் காத்தி காலு ஓகட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 2010-இல் செல்வி வழக்கில், நார்கோ சோதனையும் பொய் கண்டறியும் கருவிச் சோதனையும் சம்மதமில்லாமல் செய்யக் கூடாது என்றது. பாஸ்வேர்டு மனதுக்குள் இருக்கும் தகவலா, வெறும் சாவியா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் இதை வக்கீல் இல்லாமல் முடிவு செய்யக் கூடாது.

வக்கீல் கூட வரலாமா

கைதாகி விசாரிக்கப்படுகிறவர் விசாரணையின்போது தன் வக்கீலைச் சந்திக்கலாம். ஆனால் விசாரணை முழுக்க வக்கீல் பக்கத்தில் இருக்க முடியாது என்கிறது 38-வது பிரிவு. கைதாகாமல் வருகிறவருக்கு வக்கீலை அழைத்து வரத் தடை ஏதும் எழுதப்படவில்லை. அறைக்குள் விட மறுத்தாலும் கண்ணில் படும் தூரத்தில் வக்கீலோ உறவினரோ இருப்பதே பெரிய பாதுகாப்பு. தனியாகப் போக வேண்டாம் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

கட்டணம் தடையாக இருந்தால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. உதவி எண் 15100.

அழைப்பு எப்போது கைதாகிறது

"விசாரிச்சுட்டு அனுப்பிடுவோம்" என்று அழைத்துச் சென்று இரவு முழுக்க வைத்திருப்பதற்குச் சட்டத்தில் பெயரே இல்லை. எழுந்து வெளியே போக முடியாத நிலை வந்துவிட்டால் அது காவல்தான். அந்த நொடியிலிருந்து கைதுக்கான எல்லா விதிகளும் பொருந்த வேண்டும். "நான் இப்போது போகலாமா?" என்று ஒருமுறை வெளிப்படையாகக் கேளுங்கள். போகக் கூடாது என்றால், "கைது செய்திருக்கிறீர்களா, எதற்காக?" என்பது அடுத்த கேள்வி.

1996 டிசம்பரில் தீர்ப்பான டி.கே. பாசு வழக்கின் வழிகாட்டல்கள் இன்று சட்டப் பிரிவுகளாகவே இருக்கின்றன. கைது செய்யும் அதிகாரியின் பெயர் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பாணை எழுதி, குடும்பத்தினரோ அப்பகுதி மதிப்புக்குரியவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். மருத்துவப் பரிசோதனை வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பெண்ணைச் சூரியன் மறைந்த பின், உதிக்கும் முன் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கான சூழலில் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு செய்யலாம். கைதுக்கான காரணங்களை, கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில் தர வேண்டும் என்பதை 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் குற்றங்களுக்கும் விரித்தது.

இவையெல்லாம் வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் இரண்டு ஊர்ப் பெயர்களை நினைத்துக்கொண்டால் போதும். 2020 ஜூனில் சாத்தான்குளம். 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம். நகை காணாமல் போன புகாரில் விசாரிக்க அழைத்துச் செல்லப்பட்ட கோயில் காவலாளி உயிரோடு திரும்பவில்லை. அங்கே எஃப்.ஐ.ஆர். கூடப் போடாமல்தான் விசாரணை தொடங்கியது. இரண்டு வழக்குகளும் சி.பி.ஐ.க்குப் போயின. காகிதம் கேட்பது ஏன் முதல் வேலை என்பதற்கு இதைவிடக் கடுமையான விளக்கம் இருக்க முடியாது.

ஸ்டேஷனில் என்ன நடந்தது என்பதற்கு இன்னொரு சாட்சியும் இருக்கிறது. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் வாசல் முதல் லாக்கப் வரை சிசிடிவி வைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏதாவது தவறு நடந்தால், அந்தத் தேதி, அந்த நேரத்துப் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி உடனே எழுத்தில் கேளுங்கள். பதிவுகள் அழிந்துபோன பிறகு கேட்பதில் பயனில்லை.

மனு விசாரணையில் மட்டும் வரும் சிக்கல்

லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம், பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்றது. குடும்பத் தகராறு, வணிகத் தகராறு, மருத்துவக் கவனக்குறைவு போன்ற சிலவற்றில் முதற்கட்ட விசாரணைக்கு இடம் தந்தது. புதிய சட்டத்தின் 173(3) பிரிவு இன்னும் ஒன்றைச் சேர்த்தது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தி முடிக்கலாம்.

இந்த நிலையில் போலீஸ் செய்யக்கூடியது, குற்றம் நடந்ததா என்று பார்ப்பது. கடனை வசூலித்துத் தருவதும், வீட்டைக் காலி செய்ய வைப்பதும், பத்திரம் எழுதி வாங்குவதும் அதில் சேராது. ஊர் மொழியில் அதற்குக் கட்டப் பஞ்சாயத்து என்று பெயர். "இந்தத் தேதிக்குள்ள பணத்தைக் கட்டிடறேன்னு எழுதிக் குடுங்க" என்றால், "இது சிவில் பிரச்சினை, கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம்.

மீண்டும் மீண்டும் கூப்பிட்டு அலைக்கழித்தால், சென்னை உயர் நீதிமன்றத்திலும் மதுரைக் கிளையிலும் 'துன்புறுத்தக் கூடாது' என்று மனு போடுவது வழக்கமான வழி. அப்படிப்பட்ட மனுக்களில் நீதிமன்றம் பொதுவாகச் சொல்வது: விசாரிக்கத் தடையில்லை, ஆனால் தேதி, நேரம் குறிப்பிட்டு எழுத்து மூலம் அழைக்க வேண்டும், விசாரணையை நிலைய நாட்குறிப்பில் பதிய வேண்டும், தொந்தரவு செய்யக் கூடாது. நீதிமன்றம் போகாமலே இதே மூன்றையும் கடிதத்தில் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

அமலாக்கத் துறை சம்மன் வேறு, 'டிஜிட்டல் கைது' வேறு

மேலே சொன்னவை போலீஸ் அழைப்புக்கு. அமலாக்கத் துறையின் சம்மன் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் 50-வது பிரிவில் வருகிறது. அந்த அதிகாரிகள் போலீஸ் அல்ல என்று 2022-இல் விஜய் மதன்லால் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதால், அவர்களிடம் கையெழுத்திட்டுத் தரும் வாக்குமூலம் சாட்சியமாகப் பயன்படலாம். மேலே சொன்ன கையெழுத்து விதியை அங்கே கொண்டுபோய்ப் பொருத்தினால் மாட்டிக்கொள்வோம். நள்ளிரவு தாண்டி விசாரிப்பதை 2024 ஏப்ரலில் மும்பை உயர் நீதிமன்றம் கண்டித்தது, தூங்குவது அடிப்படை மனிதத் தேவை என்று. அந்தச் சம்மன் வந்தால் வக்கீலைப் பார்க்காமல் ஒரு வரிகூட எழுதித் தரக் கூடாது.

வீடியோ காலில் காக்கிச் சட்டையோடு தோன்றி, "உங்க ஆதார்ல பார்சல் வந்திருக்கு, கேமராவை விட்டு நகரக் கூடாது" என்பவர்கள் எந்தத் துறையையும் சேர்ந்தவர்கள் அல்லர். வீடியோவில் கைது செய்ய இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை. எந்த விசாரணை அதிகாரியும் 'சரிபார்க்க' என்று பணத்தை வேறு கணக்குக்கு அனுப்பச் சொல்ல மாட்டார். இணைப்பைத் துண்டித்துவிட்டு அருகிலுள்ள ஸ்டேஷனில் சொல்லுங்கள். பணம் போய்விட்டிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் முடக்கினால்தான் அது திரும்பக் கிடைக்க வழியுண்டு.